லீலா பிடுங்கச் சொன்ன ஃபியூஸ்

வடக்குப்பட்டைத் தாண்டி, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நல்லேரிப்பாக்கம் வரும். அந்த ஊரில் காலையில் முதல் திட்டு வாங்குகிற ஆள் யார் என்று கேட்டால் பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தண்ணீர் தாமதமாக வந்தால் லீலாவுக்குத் திட்டு. கலங்கலாக வந்தால் லீலாவுக்குத் திட்டு. மேட்டுத் தெருவுக்கு மெல்லிசாக வந்தால், பள்ளத் தெருக்காரி யாரோ லீலாவைக் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று பேச்சு. ஊராட்சிக் கணக்கில் அவள் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர். ஊர் வாயில் ‘தண்ணி வுடற லீலா’.

பிறந்தது மணிமங்கலத்தில். ரகுபதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டுக்கு நிலம் இருந்தது. பிறகு நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது, ரகுபதி ஒரகடத்தில் கார் சீட்டு செய்கிற கம்பெனிக்கு ஷிப்ட்டில் போகிறவர் ஆனார். முன்பு தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஆளும் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி உடுப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட, அந்த வேலைக்கு ஊரில் ஆளே இல்லாமல் போனது. லீலா போய்க் கேட்டாள். பொம்பளை மோட்டார் போடுவாளா என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்கும் இன்றைக்கு அவள்தான் தண்ணீர் விடுகிறாள்.

வேலையை அவள் காதால் கற்றுக்கொண்டாள். மோட்டார் தண்ணீர் இழுக்காமல் வெறுமனே ஓடினால் ஒரு சத்தம், வோல்டேஜ் குறைந்தால் இன்னொரு சத்தம், தொட்டி நிரம்பி வழியப்போகும்போது வேறொரு சத்தம். வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள், திடீரென்று கையை உதறிக்கொண்டு எழுந்து ஓடுவாள். ரகுபதியின் குறட்டை பாதியில் நின்றால்கூட அவள் எழுந்திருக்க மாட்டாள்; மோட்டார் நின்றால் எழுந்துவிடுவாள் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஊருக்குக் குடிநீர் ஏரி உள்வாயில் இருக்கும் கிணற்றிலிருந்துதான். வேறு வழி கிடையாது. போர் போட்ட இடமெல்லாம் உப்பு. ஏரிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவருகிற ஓடை மேற்கே மேட்டிலிருந்து இறங்குகிறது. அந்த மேட்டில்தான், ஓடையை ஒட்டி, ‘பளபளா கம்பெனி’ இருந்தது. அதற்கு நீளமான ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. ஆனால் வண்டி பாகங்களுக்கு நிக்கலும் குரோமும் முலாம் பூசிப் பளபளவென்று அனுப்புகிற இடம் என்பதால் ஊரார் அப்படித்தான் சொன்னார்கள்.

முலாம் பூசுகிற தண்ணீர் சாதாரணத் தண்ணீர் அல்ல. அமிலமும் குரோமும் கலந்த விஷம். அதைச் சுத்திகரிக்காமல் ஒரு சொட்டு வெளியே விடக்கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஓடையிலோ ஏரியிலோ கிணற்றிலோ கெட்டதைக் கலப்பவன் குற்றவாளி. தொழில் நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். மீறினால் கம்பெனியை மூடச் சொல்லலாம், கரண்ட்டையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம். நல்ல சட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சட்டம் வந்து நம் வீட்டுக் குடத்தை எட்டிப் பார்க்காது; யாராவது குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

லீலாதான் காட்டினாள். போன கோடையில் ஒரு மழைக்குப் பிறகு, வெள்ளை பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர் மறுநாள் இலேசாக மஞ்சள் காட்டியது. வாயில் வைத்தால் இரும்பைச் சப்புகிற மாதிரி ஒரு கசப்பு. ஊர் வழக்கப்படி எல்லோரும் லீலாவைத் திட்டினார்கள். தொட்டியைக் கழுவவில்லையாம், குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டாளாம். அவளுக்கு வந்த கோபத்துக்கு, அந்த பக்கெட்டை அப்படியே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போய்விட்டாள். வழியில் பாதி சிந்திவிட்டது. மீதியை எதிரே வைத்துவிட்டு, “இத்த நீங்க குடிப்பீங்களா மேடம்?” என்று கேட்டாள்.

அங்கே இருந்த பொறியாளர் மதிவதனி குடிக்கவில்லை, ஆனால் மறுவாரமே வந்தார். ஓடையில், கிணற்றில், கம்பெனியின் குழாய் வாயில் என்று தண்ணீர் எடுத்து, கம்பெனிக்காரர்கள் கண் முன்னாலேயே பாட்டில்களுக்குச் சீல் வைத்தார். முடிவு வந்தது. நோட்டீஸ் போனது. கம்பெனி பதில் சொன்னது, அவகாசம் கேட்டது, மறுபடி கேட்டது. கடைசியில் மூடல் உத்தரவு வந்தபோது லீலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரிலிருந்து அங்கே வேலைக்குப் போன பெண்கள் சிலர் அவளை முறைத்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்களும் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான்.

கரண்ட் வெட்டுகிற நாளன்று ஊரே மேட்டுக்குப் போய் நின்றது. வாரியத்து ஆட்கள் உள்ளே போய் மெஷின்களுக்குச் சீல் வைத்தார்கள், ஜெனரேட்டருக்கும் வைத்தார்கள். மதிவதனி லைன்மேன் முனிரத்தினத்திடம் ஏதோ சொல்லிவிட்டு, வேறொரு இடத்துக்கு அவசரமாகப் போக வேண்டும் என்று ஜீப்பில் ஏறிவிட்டார். முனிரத்தினம் ஒரகடம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த ஆள், ஓய்வுபெறப் போகிறவர். அவர் கம்பெனியின் பெரிய லைனை அறுத்ததும் விசில் பறந்தது. லீலாவின் கொழுந்தன் முறை புருஷோத்தமன், வார்டு மெம்பருக்கு நின்று தோற்றவன், கையோடு கொண்டுவந்த தேங்காயை கேட்டுக்கு முன்னால் உடைத்தான்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. அப்போதுதான் லீலா கையை உயர்த்தினாள்.

“எல்லாம் சத்தம் போடாம இருங்கோ. முனிரத்தினண்ணே, உள்ள இன்னும் மோட்டார் ஓடிக்கினு கீது.”

எல்லோரும் காதைக் கொடுத்தார்கள். ஆமாம், சுவருக்குப் பின்னால் ஒரு உறுமல்.

முனிரத்தினம் சலித்துக்கொண்டார். “அது மெஷின் மோட்டார் இல்லமா. கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற எடம். அதுக்குத் தனி லைனு, தோ சொவத்தாண்ட பொட்டி கீது பாரு. அத்த மட்டும் வுட்டுடச் சொல்லிக்கிறாங்க மேடம்.”

“யாரு சொன்னது? மேடம்தான் பூட்டாங்களே,” என்று புருஷோத்தமன் முன்னால் வந்தான். “கம்பெனிக்காரன் உன்ன எவ்ளோக்கு மடக்கனான்?”

“சுத்தம் பண்ற மோட்டாரா?” என்றாள் லீலா. “இத்தினி வருசமா சுத்தம் பண்ணிதான் எங்க கெணத்துல மஞ்சத்தண்ணி வந்துச்சா? மோட்டார் சத்தம் எனக்குத் தெரியாதாண்ணே? அது சும்மா ஓடல, லோடு இழுத்துக்கினு ஓடுது. உள்ள வேல நடக்குது. புடுங்குண்ணே அத்த!”

தண்ணி வுடற லீலாவே சொல்லிவிட்டாள், அப்புறம் யார் கேட்பார்கள்? பைக்குகளைக் குறுக்கே போட்டு முனிரத்தினத்தின் வண்டியை மறித்துவிட்டார்கள். அவர் மேடத்துக்கு போன் போட்டார், எடுக்கவில்லை. வெயில் ஏறியது, கூச்சலும் ஏறியது. கடைசியில் “எனக்கு இன்னாத்துக்கு வம்பு” என்று சொல்லிக்கொண்டே சுவரோரப் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினார். உறுமல் நின்றது. ஓய்வுபெறுகிற நேரத்தில் எதற்கு என்று அவர் அதை மேலே யாரிடமும் சொல்லவுமில்லை. லீலாவைத் தோளில் தூக்காத குறைதான்.

ஒரே நாளில் திட்டு வாங்குகிறவள் போய்ப் பெரிய ஆள் ஆகிவிட்டாள். புருஷோத்தமன் அவளுடைய ரேஷன் கார்டு போட்டோவை எப்படியோ வாங்கி, பஸ் ஸ்டாப்பில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தான். அதில் அவள் போலீஸ் பிடித்து வைத்த ஆள் மாதிரி விழித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் அவளைவிடப் பெரிதாக அவன் கும்பிட்டுக்கொண்டிருந்தான். ரகுபதி ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்தார். லீலா வெட்கப்பட்டாலும் அந்த வழியாகத்தான் கடைக்குப் போனாள்.

பிறகு மழை பிடித்தது. ஐப்பசி மழை என்றால் இங்கே விளையாட்டில்லை. வங்காள விரிகுடாவில் ஏதோ ஒன்று சுழன்றுகொண்டு நிற்க, வானம் விடாமல் ஊற்றியது. ஓடையில் செம்மண் தண்ணீர் இறங்கி ஏரிக்கு வர ஆரம்பித்தது. ஊர் சந்தோஷமாக இருந்தது. மழையின் இரண்டாம் நாள் மதியம், லீலா பம்ப் ரூமில் நின்றுகொண்டிருந்தபோது, நனைந்த ஒரு ஆள் வாசலில் வந்து நின்றான்.

பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அருள்நாதன். தூத்துக்குடிப் பக்கம் ஊர், ஒரகடத்தில் வாடகைக்கு இருக்கிறான். பளபளா கம்பெனியின் கழிவுநீர் நிலையத்தில் ஆபரேட்டர். மதிவதனி சோதனைக்கு வந்தபோது கம்பெனி மேனேஜர் பின்னால் கைகட்டி நின்றவன்.

“இன்னாடா வோணும் உனுக்கு?” என்றாள் லீலா.

“யக்கா, நான் சொல்லுதத கேட்டுட்டு அப்புறம் ஏசுங்க.” அவன் உள்ளே வரவில்லை. “நீங்க புடுங்கச் சொன்னது சுத்திகரிப்புப் பம்பு. கீழ ஒரு தொட்டி இருக்கு, எல்லாக் கழிவும் அதுலதான் வந்து விழும். அதுலேருந்து மேல் தொட்டிக்கு ஏத்திக்கிட்டே இருக்கணும். ஏத்தாட்டி நெறஞ்சிரும். கம்பெனி மூடுனாலும் முலாம் தொட்டியெல்லாம் கசியுது, கூர மேல விழுத மழத்தண்ணியும் அதுக்குள்ளதான் போவுது. ஒழுங்கா வடிகால் வைக்கல அந்தப் பாவிக. இப்ப விளிம்புக்கு வந்துட்டு. வழிஞ்சா ஓடை. ஓடைக்குப் பொறவு உங்க கெணறு.”

அவன் சொன்னது லீலாவுக்கு உறைத்தது. ஆனால் வாய் வேறு பேசியது. “உன்ன உங்க மேனேஜர் அனுப்பனானா? கரண்ட்ட வாங்கிக்கினு மறுபடி ஓட்டலாம்னா?”

“மேனேஜர்ட்டதான் மொதல்ல போன் போட்டேன் யக்கா. ‘நெறையட்டும், வழியட்டும், ஊர்க்காரனே வந்து கரண்ட்டு குடுன்னு கால்ல விழுவான்’னுட்டாரு. வாரியத்துக்கு நான் பேசுனேன்னு தெரிஞ்சா வேற எந்தக் கம்பெனிலயும் என்னய நிக்க விட மாட்டாங்க. எனக்கு வேற போக்கு தெரியல. அதான் உங்கட்ட வந்தேன். எம் பேரு மட்டும் வெளிய வர வேண்டாம்.”

நம்புவதா வேண்டாமா? இவன் சொல்வது பொய்யென்றால், கம்பெனிக்குக் கரண்ட் வாங்கிக் கொடுத்தவள் ஆகிவிடுவாள். உண்மையென்றால், நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் தொட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த மேனேஜர் வேறு, நாமே போய்க் கேட்க வேண்டும் என்றுதான் காத்துக்கொண்டிருக்கிறானாம். கேட்டாலும் அவன் ஜெயித்தான், கேட்காவிட்டாலும் அவன் ஜெயித்தான். லீலா பம்ப் ரூமைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, “நட, காட்டு” என்றாள்.

கம்பெனியின் பின்பக்கம், சுவரில் ஓரிடத்தில் செங்கல் பெயர்ந்திருந்தது. அதன் வழியாகப் பார்த்தாள். திறந்த தொட்டி. அதில் எலுமிச்சம்பழ நிறத்தில் தண்ணீர், மழைத்துளி விழுந்து விழுந்து கொதிக்கிற மாதிரி இருந்தது. விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும். மேலே கூரையிலிருந்து ஒரு குழாய் அதற்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு அடுத்தாற்போல் தரை சரிந்து, சரிவு சுவரின் ஓட்டையில் முடிந்து, ஓட்டைக்கு வெளியே ஓடை. அவள் நின்றுகொண்டிருந்த காலடியிலேயே ஓடை.

அன்றைக்குத் தான் கேட்ட சத்தம் இந்தப் பம்பின் சத்தம். லோடு இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று சரியாகத்தான் சொன்னாள். எதை இழுத்தது என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டாள். கிணற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மோட்டாரைத் தன் வாயாலேயே நிறுத்திவிட்டோம் என்று புரிந்தது.

அப்போது அவளுக்கு ஒரு கெட்ட யோசனையும் வந்தது. பிறகு அவளே ரகுபதியிடம் சொன்னதுதான். பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன? தொட்டி வழியும். எல்லோரும் கம்பெனியைத்தான் வைவார்கள், கேஸ் இன்னும் இறுகும், லீலா சொன்னது சரி என்று ஆகும். ஃப்ளெக்ஸ் அங்கேயே நிற்கும். கிணறு மட்டும் போகும். குரோம் இறங்கின கிணறு எத்தனை வருஷத்தில் தேறும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று மதிவதனி முன்பே சொல்லியிருந்தார். நாளைக் காலையில் வால்வைத் திறந்தால் எதைத் திறந்துவிடுவோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

முதலில் முனிரத்தினத்தைக் கூப்பிட்டாள்.

“ஏம்மா, நான் அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கினேன்,” என்று அவர் எரிந்து விழுந்தார். “உங்காளுங்க வண்டிய மறிச்சி புடுங்க வச்சாங்க. இப்ப நானா வந்து மாட்டனா கல்லால அடிப்பாங்க. மேலேர்ந்து சொல்லட்டும், ஊரும் சும்மா இருக்கட்டும், வரேன்.”

அடுத்து மதிவதனி. மழையில் சிக்னல் போய்ப் போய் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது.

“அந்த லைனை வெட்டச் சொல்லவே இல்லையேம்மா! ஆர்டரிலேயே இருக்கு, உற்பத்திதான் கூடாது, சுத்திகரிப்பு நிக்கக்கூடாதுன்னு. யார் பிடுங்கச் சொன்னது?”

யாரோ சொன்னார்கள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“நான்தான் மேடம்,” என்றாள் லீலா. “சத்தத்த கேட்டுட்டு நான்தான் புடுங்கச் சொன்னேன்.”

மதிவதனி திட்டவில்லை, அடுத்து ஆக வேண்டியதைப் பார்த்தார்.

“சரி, கேளுங்க. கரண்ட் ஆபீஸுக்கு இப்பவே பேசறேன். டேங்கருக்கும் சொல்றேன், ஆனா இந்த மழையில அது நாளைக்குத்தான் வரும். இன்னைக்குப் பம்ப் ஓடியே ஆகணும். நான் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கேன், ரோட்டில் தண்ணி நிக்குது, வந்து சேரத் தாமதமாகும். மறுபடி ஊர்க்காரங்க தடுத்தா லைன்மேனால ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க அங்கேயே நில்லுங்க.”

நின்றாள். அருள்நாதனைப் பின்பக்கமாகவே உள்ளே போய்ப் பம்பைத் தயார் செய்யச் சொன்னாள். மழை வலுத்தது. சுவர் ஓட்டைக்கும் முன்பக்க கேட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவை எட்டிப் பார்க்கும்போதும் சாண் குறைந்திருந்தது. நான்கு விரல். மூன்று விரல். காற்று அடித்தபோது மஞ்சள் தண்ணீர் ஒருமுறை விளிம்பைத் தொட்டுத் தளும்பியது, அவள் ‘ஐயோ’ என்று கத்திவிட்டாள். கத்தி என்ன செய்ய? தொட்டிக்கா காது கேட்கும்?

முனிரத்தினம் ரெயின்கோட்டில் வந்து சேர்ந்தார். அவர் வண்டி ஊர் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் அவருக்குப் பின்னாலேயே புருஷோத்தமனும் வந்துவிட்டான், அவனோடு ஏழெட்டு பைக். கம்பெனி வாசலில் லைன்மேனும் லீலாவும் ஒன்றாக நிற்கிறார்கள், சுவரோரப் பெட்டி திறந்திருக்கிறது. வேறென்ன நினைப்பார்கள்?

“இன்னா அண்ணி இது?” என்றான் புருஷோத்தமன்.

லீலா எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்க வாங்க, முன்பின்னாகச் சொன்னாள். அன்றைக்குத் தான் சொன்னது தப்பு என்றாள். அருள்நாதன் பெயரைச் சொல்லவில்லை. அங்கேதான் கதை ஓட்டையாகிப் போனது.

“உள்ள தொட்டி ரொம்புதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“நானே பாத்தேன். வந்து பாருங்கோ நீங்களும், பின்னால சொவத்துல ஓட்ட கீது.”

“ஆமா, மழத்தண்ணி ரொம்பிக்கினு இருக்கும். அத்தக் காட்டி கரண்ட்ட குடுத்துடலாம்னு எவனோ உங்களுக்குச் சொல்லி வுட்டுக்கிறான்.” அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். “அண்ணி, உங்க மூஞ்சியப் போட்டு நான் ஃப்ளெக்ஸ் வச்சிக்கிறேன். நாளைக்கு ஊரு என்னத்தான் கேக்கும். எவ்ளோ குடுத்தாங்க, சொல்லிடுங்கோ.”

அண்ணி என்ற மரியாதையோடேயே கேட்டான். அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது. முனிரத்தினம் ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, அசையாமல் நின்றார். பைக்குகள் மறுபடி குறுக்கே வந்து நின்றன.

லீலா இடுப்பிலிருந்து பம்ப் ரூம் சாவியை உருவினாள். புருஷோத்தமன் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்தாள்.

“இன்னாது இது?”

“கெணத்துச் சாவி. நாளைக்குக் காலைல நீயே போயி மோட்டார் போடு. நீயே வால்வத் தெறந்து வுடு. உம் பொண்டாட்டிக்கும் உம் பொண்ணுக்கும் உன் கையாலயே குடு. நான் தெறக்க மாட்டேன். நான் காசு வாங்கினவ, என்ன வுடு. நீ வாங்கல இல்ல? உனுக்குப் பயமில்ல இல்ல? தெறந்து வுடு.”

சாவி அவன் கையில் கிடந்தது. மழை அதன்மேல் விழுந்தது. கூட வந்தவர்களில் ஒருவன், “போயி பாத்துட்டுத்தான் வருவோமே” என்று முணுமுணுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். போனவன் திரும்பி வந்தபோது நடந்து வரவில்லை, ஓடி வந்தான்.

“மஞ்சளா கீதுடா. விளிம்புல கீதுடா!”

புருஷோத்தமன் சாவியை லீலாவிடம் நீட்டினான், அவள் முகத்தைப் பார்க்காமல். பைக்குகள் நகர்ந்தன. முனிரத்தினம் ரப்பர் கையுறையை இழுத்து மாட்டி, பெட்டிக்குள் கைவிட்டு, ஃபியூஸைச் செருகினார். ஒரு கணம் ஒன்றுமில்லை. அந்த ஒரு கணத்தில் லீலா எந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. பிறகு சுவருக்குப் பின்னால் பம்ப் இருமியது, இழுத்தது, பிடித்துக்கொண்டது. அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மதிவதனி வந்து சேர்ந்தபோது தொட்டி இரண்டு முழம் இறங்கியிருந்தது. கூரைக் குழாயைத் திருப்பி வைக்கச் சொன்னார், தொட்டிக்கு ஆள் போட்டார், மறுநாள் டேங்கர் வந்து அள்ளிக்கொண்டு போனது. கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதித்ததில் கெடுதல் இல்லை என்று வந்தது. ஓடைக்குக்கூட ஒரு சொட்டு போகவில்லை. கம்பெனி இன்னும் மூடித்தான் கிடக்கிறது, கேஸ் நடக்கிறது. அருள்நாதன் வேறு எங்கோ வேலை கிடைத்துப் போய்விட்டதாகக் கேள்வி.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, லீலாவுக்கு மாலை போட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? தொட்டி வழிந்து, கிணறு கெட்டு, நாலு பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஊருக்குக் கண்ணால் பார்க்க ஒன்று இருந்திருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததை யார் பார்த்தார்கள்? எட்டிப் பார்த்தவனும் கூட நின்ற ஏழெட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முதலில் ஃபியூஸைப் பிடுங்க வைத்த கதையும் சேர்ந்து வரும். ஊர் பார்த்ததெல்லாம், மூடின கம்பெனிக்குள் சாயங்காலமானால் ஒரு பல்ப் எரிவதையும், அதற்குக் கரண்ட் கொடுக்கும்போது லீலா பக்கத்தில் நின்றதையும்தான். ஒரு வாரத்தில் ஃப்ளெக்ஸைக் காணோம். புருஷோத்தமன் வீட்டு விறகுமேல் மழைக்கு மூடிக் கிடந்தது.

லீலாவுக்கும் நிம்மதி வந்துவிடவில்லை. அந்த லைனை வைத்துக்கொண்டு உள்ளே திருட்டுத்தனமாக வேலை ஆரம்பித்துவிடுவார்களோ என்று இப்போதும் பயம். தண்ணீர் விட்டு முடித்ததும் ஓடைக்கரை வழியாகப் போய், சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருகிறாள். பம்ப் ஓடினால், வேறு ஏதாவது சேர்ந்து ஓடுகிறதா என்று பயம். ஓடாவிட்டால், ஏன் ஓடவில்லை என்று பயம். சந்தேகம் வந்தால் மதிவதனிக்கு போன் போடுகிறாள். முனிரத்தினம் அவள் பெயரைப் போனில் பார்த்தாலே தலையில் அடித்துக்கொள்கிறாராம்.

போன வாரம் காலையில், பள்ளத் தெருக் குழாயில் புருஷோத்தமனின் மனைவி சுகப்பிரியா குடம் வைத்துக்கொண்டிருந்தாள். லீலாவுக்கு ஓரகத்தி முறை. தெருமுனையில் லீலா வால்வுக்குப் பக்கத்தில் நிற்பது அவளுக்குத் தெரியும்.

“கம்பெனிக்குக் கரண்ட்டு வாங்கித் தந்தாங்களே, சும்மாவா தந்திருப்பாங்க?” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், லீலாவின் காதில் நன்றாக விழும்படி. “எவ்ளோ வாங்கனாங்களோ, யாரு கண்டது?”

சொல்லிக்கொண்டே நிறைந்த குடத்தை நகர்த்தி அடுத்ததை வைத்தாள். இடுப்பிலிருந்த பெண் குழந்தை தாகத்துக்கு அழுதது. சுகப்பிரியா கையைக் குழாயடியில் ஏந்தி, அப்படியே தண்ணீரைப் பிடித்து, அதன் வாயில் விட்டாள். குழந்தை அழுகையை நிறுத்திக் குடித்தது. இன்னும் என்று வாயைக் காட்டியது, மறுபடி ஏந்திக் கொடுத்தாள்.

பள்ளத் தெருவுக்கு நேரம் முடிந்துவிட்டது, மேட்டுத் தெருவில் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். லீலா வால்வின்மேல் வைத்த கையைத் திருப்பாமல், அந்தக் குழந்தை குடித்து முடிக்கிறவரைக்கும் நின்றாள்.